சாயத்துக்குத் துணி அனுப்பும் முன்

திருப்பூரில் புதிதாகப் பனியன் கம்பெனி தொடங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, சாயக்கூலி எங்கே மலிவு என்பதுதான். அந்தச் சாயப் பட்டறையின் கழிவுநீர் எங்கே போகிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். ஏதோ உபதேசம் என்று முகம் சுளிப்பார்கள்.

கோவை, ஈரோடு பக்கத்து மில்களில் நூல், இங்கே நிட்டிங்கும் தையலும், தூத்துக்குடியில் கப்பல் என்று எல்லாம் ஒரே தொழிலாகப் பிணைந்து கிடக்கிறது. அதனால்தான் சின்னப் பட்டறைகள் பல சேர்ந்து, தண்ணீரைச் சவ்வில் வடிகட்டும் ஆர்.ஓ.வும் உப்பைப் பிரிக்கும் ஆவியாக்கியும் உள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தை நடத்த முடிகிறது. தனியாளுக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் அதே பிணைப்பு அழுக்கையும் லாரியில் ஏற்றி அனுப்பும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னபோது, துணி வெளி மாவட்டங்களுக்குப் பயணப்பட்டது. நொய்யல் ஆற்றுக்கு வரவேண்டிய சாயநீர் வேறு யார் வீட்டு வாசலுக்கோ போனது.

ஆகவே முதலில் மாசு கட்டுப்பாட்டு வாரியம் பட்டறைக்குக் கொடுத்த அனுமதியான இசைவாணையைக் கேட்டு வாங்குங்கள். காலாவதித் தேதியை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் அனுமதிக்கப்பட்ட கழிவுநீர் அளவைப் பாருங்கள். நாளுக்கு 3 டன் துணி ஓட்டுகிறோம் என்று பெருமையாகச் சொல்வார்கள். சாயம், கழுவல் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 50 லிட்டர் தண்ணீர் என்று வைத்தாலே 1,50,000 லிட்டர். இசைவாணையில் 80,000 என்றிருந்தால், மீதி எங்கே? பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தது உப்பு. ரியாக்டிவ் சாயம் பருத்தியில் ஏற உப்பு வேண்டும். ஆனால் அது துணியில் தங்காது, முழுக்கத் தண்ணீரோடு வெளியேறும். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 80 கிராம் என்று கொள்ளுங்கள். 100 கிலோ துணியை 1:8 விகிதத்தில், அதாவது சாயத் தொட்டியில் ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர் என்று ஓட்டினால் 800 லிட்டர், 64 கிலோ உப்பு. 1:6 மெஷினில் 600 லிட்டர், 48 கிலோ. ஒரே நேவி ப்ளூவுக்கு 16 கிலோ வித்தியாசம்! மெஷின் எது என்று கேட்காமல் கூலியை மட்டும் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

சாயத்துக்குப் போகும் துணி லாட்டுகளை, அதாவது தொகுதிகளை, சேர்த்துக் கொடுங்கள். வெளிர் நிறம் முதலில், கறுப்பு கடைசியில் என்று அட்டவணை போட்டால் இடையில் மெஷின் கழுவும் தண்ணீர் மிச்சம்.

டெலிவரி சலானில் உள்ள பெயரும் பில்லில் உள்ள பெயரும் ஒன்றா என்று ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள். வேறாக இருந்தால், உங்களுக்குத் தெரியாமல் துணி கைமாறியிருக்கிறது. பிரிட்டனுடன் 2025 ஜூலையில் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தை நம்பி அங்கே ஆர்டர் பிடிக்கப் போகிறவர்கள் இதில் கூடுதல் கறாராக இருக்க வேண்டும். வரி குறையலாம், சாயம் எங்கே ஏறியது என்று வாங்குபவரின் தணிக்கையாளர் கேட்கும்போது நீட்ட வேண்டியது இந்தச் சலானைத்தான்.