பிறர் தொகுத்த பட்டியலில் சேகா தேடுவது

சேகா மொரிஷியஸ் தீவின் நாட்டுப்புற இசை. அங்கே இருந்துகொண்டு ஸ்பாட்டிஃபை இசைச் செயலியில் வெறும் ‘சேகா’ என்று தேடினால், அதே பெயருள்ள வீடியோ கேம் கம்பெனியின் இசைதான் பாதி வந்து நிற்கும். ‘சேகா திப்பிக்’ (sega tipik, பாரம்பரிய சேகா), ‘ராவான்’ (ravanne, சேகாவின் கைப்பறை), ‘செகே’ (seggae, சேகாவும் ரெகேயும் கலந்தது) என்று ரோமன் எழுத்தில் தட்டி, முடிவுகளில் பிளேலிஸ்ட் பகுதிக்குப் போங்கள். பக்கத்துத் தீவான ரெயூனியனின் இசை வேண்டுமென்றால் ‘மலோயா’ (maloya) என்று தட்டுங்கள்.

பட்டியலைத் திறந்ததும் பாட்டைப் போடாதீர்கள். முதலில் கீழே உருட்டிப் பாருங்கள். 40 பாட்டில் 15 ஒரே பாடகருடையது என்றால் அது பெரும்பாலும் விளம்பரம். 300 பாட்டுள்ளது தொகுப்பல்ல, குப்பைக்கூடை. நமக்குத் தெரிந்த இரண்டு மூன்று பேர் நடுவே தெரியாத பெயர்கள் கலந்திருப்பதே நல்ல பட்டியல். அதைத் தொகுத்தவரின் பெயரைத் தட்டினால் அவருடைய மற்ற பட்டியல்களும் வரும். புதையல் பெரும்பாலும் அங்கேதான்.

கேட்கும்போது தாளத்தைக் கவனியுங்கள். ராவானின் ஆட்டுத்தோல் அதிர்வும் குலுக்கி வாசிக்கும் மராவானின் சலசலப்பும் கேட்டால் திப்பிக். கீபோர்டு மட்டும் என்றால் ஹோட்டல் சேகா, அதாவது சுற்றுலாப் பயணிகளுக்காக வாசிப்பது; அதுவும் மோசமில்லை.

பிடித்ததை உடனே உங்கள் சொந்தப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். தொகுத்தவர் தன் பட்டியலை எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம். யூடியூபில் வீடியோ நீக்கப்பட்டால் சில சமயம் பாட்டின் பெயர்கூட மிஞ்சாது.