செட்டிநாட்டு வீட்டு மராமத்து: பேசாமல் விடுவதால் வரும் ஆபத்துகள்

கானாடுகாத்தான், ஆத்தங்குடி, காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளில் மராமத்து நடக்கும் இடத்துக்குப் போனால், சாரம் உறுதியா என்று பார்ப்பதற்கு முன், மேஸ்திரியிடம் கையாட்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைக் கவனிப்பேன். விபத்தின் விதை பெரும்பாலும் அங்கேதான் கிடக்கிறது.

தலையாட்டலைப் பதிலாக எடுத்துக்கொள்வதுதான் பெரிய தவறு. இங்கே வேலைக்கு வருகிறவர்களில் பலர் ஒரே ஊர்க்காரர்கள், சொந்தக்காரர்கள். மேஸ்திரி சித்தப்பா முறையாக இருப்பார். அவர் "ஓட்டின் மேல் ஏறு" என்றால், "ஓட்டைத் தாங்கும் கைமரத்தைக் கரையான் அரித்திருக்கிறது, சித்தப்பா" என்று சொல்ல வாய் வராது. நான் மேற்பார்வை பார்த்த ஒரு வீட்டில் இரண்டாங்கட்டின் (இரண்டாவது முற்றத்தைச் சுற்றிய பகுதி) கூரையிலிருந்து ஓர் இளைஞர் ஓட்டோடு விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டார். மரம் உளுத்திருந்தது முந்தின நாளே அவருக்குத் தெரியும். "புரிந்ததா?" என்று கேட்டேன், "சரிங்க" என்றார், விட்டுவிட்டேன். அந்தக் குற்ற உணர்வு இன்னும் போகவில்லை. இப்போதெல்லாம், "எங்கே கால் வைக்கக் கூடாது, காட்டுங்கள்" என்று கேட்கிறேன். அதற்குத் தலையாட்டித் தப்பிக்க முடியாது.

குறை சொன்னவரைக் கடிந்துகொள்வது இன்னொன்று. சாரக் கயிறு நைந்திருக்கிறது என்று ஒரு சித்தாள் சொல்லும்போது, "உன் வேலையைப் பார்" என்று அதட்டினால், அன்றோடு அந்தத் தளத்தில் எல்லோர் வாயும் அடைத்துவிடும். கூலி குறையுமோ என்ற பயமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்த ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன், நன்றாக இணைந்து வேலை செய்யும் குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்ததைக் கண்டார். அங்கே பயமின்றிச் சொன்னார்கள் என்பதே அவர் தந்த விளக்கம். புகாரே வராத தளத்தைக் கண்டால் எனக்குக் கவலைதான் வரும்.

தச்சர் ஓர் உத்தரத்துக்குக் கொடுத்திருந்த முட்டுக்கட்டையைக் கழற்றிவிட்டுச் சாப்பிடப் போகிறார். அது தெரியாமல் மின்வேலைக்காரர் அதே உத்தரத்தின் கீழ் ஏணி போடுகிறார். கூலித் தகராறில் இருவருக்கும் பேச்சு இல்லை. சண்டையைத் தீர்க்க முடியாவிட்டாலும், முகம் பார்க்காத இருவரை ஒரே இடத்தில் வேலைக்கு விடாதீர்கள்.

1996-ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம் 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு வேண்டும் என்றது. நம் வீட்டு வேலையில் பன்னிரண்டு பேர் இருந்தால் அதிகம். காலையில் எல்லோரும் டீ குடிக்கும் பத்து நிமிடத்தில், நேற்று எதைக் கழற்றினோம், இன்று எது ஆடுகிறது என்று பேசிக்கொள்வதுதான் நமக்குக் குழு.

சுண்ணாம்பு நீற்றும் நாளில் அந்தப் பேச்சு கட்டாயம். கற்சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் விழுந்தால் பார்வையே போகலாம். பழைய கொத்தனாருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்பதாலேயே, நேற்று வந்த பையனுக்கு யாரும் சொல்வதில்லை. தொட்டியருகே குடம் நிறைய நல்ல தண்ணீர் எதற்காக வைத்திருக்கிறது என்பதையும், கண்ணில் பட்டால் தேய்க்காமல் குறைந்தது 20 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும், வேலை தொடங்கும் முன் அந்தப் பையன் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.