கிளவுட் பக்கெட்டை டிரைவாக மாட்டி, அதிலிருந்து டெப்ளாய் செய்வது எப்படி

நான் பார்த்துக்கொள்ளும் சர்வர்களில் பெரும்பாலானவை விண்டோஸ், ஓரிரண்டு லினக்ஸ். அவற்றில் டெப்ளாய் செய்யும், அதாவது புதுப் பதிப்பை நிறுவும், இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்கள் எல்லாம் பழசு. ஒரு டிரைவ் எழுத்து, ஒரு ஃபோல்டர் பெயர், இவ்வளவுதான் அவற்றுக்குப் புரியும். ஏபிஐ, டோக்கன் என்று எதைச் சொன்னாலும் ஏறாது. திருத்தி எழுதலாம்தான், யார் எழுதுவது? அதைவிட பில்ட் (நிறுவத் தயாரான புரோகிராம்) போய்ச் சேரும் கிளவுட் பக்கெட்டையே (இணையச் சேமிப்பிடத்தையே) ஒவ்வொரு சர்வரிலும் எக்ஸ் டிரைவாக மாட்டிவிட்டால், ஸ்கிரிப்டுக்கு வித்தியாசமே தெரியாது.

ஒரு விதியை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த டிரைவிலிருந்து படிக்க மட்டும் செய்யுங்கள். அதில் எழுதாதீர்கள், புரோகிராமை அங்கிருந்தே ஓட்டவும் ஓட்டாதீர்கள். கீழே வரும் பாதி விஷயங்கள் இந்த விதியைக் காப்பாற்றத்தான்.

எதை வைத்து மாட்டுவது

விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரிலேயே வெப்டாவ் (இணையம் வழியாக ஃபைல்களைக் கையாளும் முறை) முகவரியைக் கொடுத்து டிரைவ் மாட்ட முடியும். பலர் அதில்தான் தொடங்குவார்கள். வேண்டாம். அதற்குப் பின்னால் இருக்கும் வெப்கிளையன்ட் சர்வீஸ், இயல்பு நிலையில் 5 கோடி பைட்டுக்கு மேல், அதாவது சுமார் 47 எம்பிக்கு மேல், உள்ள ஃபைலை இறக்காது. ரெஜிஸ்ட்ரியில் அந்த எண்ணை 4 ஜிபி வரை ஏற்றலாம். ஆனால் மைக்ரோசாஃப்ட் 2023இல் அந்த சர்வீஸையே கைவிடப்போகும் பட்டியலில் சேர்த்துவிட்டது. அதன் மேல் புதிதாக எதையும் கட்டுவதில் அர்த்தமில்லை.

மைக்ரோசாஃப்டின் அசூர் ஃபைல்ஸ் நிஜமான எஸ்எம்பி ஷேர், அதாவது விண்டோஸின் வழக்கமான நெட்வொர்க் ஃபோல்டர். உங்கள் பில்ட்கள் ஏற்கெனவே அசூரில் இருந்தால் 'நெட் யூஸ்' கட்டளையே போதும். போர்ட் 445 வெளியே திறந்திருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். நிறைய இணையச் சேவை நிறுவனங்கள் அதை அடைத்து வைத்திருக்கின்றன. டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் போன்ற சிங்க் கிளையன்ட்கள் மேசைக் கணினிக்கு நல்லவை. சர்வருக்கு ஆகாது, அவை ஓட யாராவது லாகின் செய்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

நான் பயன்படுத்துவது ஆர்குளோன். கோ மொழியில் எழுதப்பட்ட ஓப்பன் சோர்ஸ் கருவி, ஒரே ஒரு எக்ஸ்இ ஃபைல். அமேசானின் எஸ்3, அசூர் பிளாப், கூகுள் கிளவுட் ஸ்டோரேஜ், பேக்பிளேஸ் பி2 என்று எந்தச் சேமிப்புச் சேவையோடும் ஒரே மாதிரிப் பேசும். நாளைக்குச் சேமிப்பிடம் மாறினாலும் சர்வரில் மாறுவது கான்ஃபிக் மட்டும்தான். டிரைவாகக் காட்ட விண்டோஸில் வின்எஃப்எஸ்பி நிறுவ வேண்டும். லினக்ஸில் ஃபியூஸ் 3 வேண்டும்.

சாவி

சர்வருக்குக் கொடுக்கும் ஆக்சஸ் கீ, படிக்க மட்டும் அனுமதி உள்ளதாக இருக்கட்டும். எஸ்3 என்றால் பட்டியலிடுவது, ஆப்ஜெக்டை (பக்கெட்டில் உள்ள ஃபைலை) எடுப்பது, இந்த இரண்டே அனுமதி, அதுவும் ரிலீஸ் ஃபோல்டருக்கு மட்டும். ஆர்குளோன் கான்ஃபிக் ஃபைலில் கடவுச்சொற்கள் புரியாத எழுத்துகளாகத் தெரிவதைப் பார்த்து, பூட்டியிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அது கண்ணுக்கு மறைத்திருப்பது மட்டுமே. யாரும் திருப்பிப் படிக்கலாம். கான்ஃபிக்குக்குத் தனியே கடவுச்சொல் போட்டால்தான் உண்மையான என்கிரிப்ஷன். சர்வர் அமேசானிலேயே இருந்தால் கீயே வேண்டாம். இன்ஸ்டன்ஸ் ரோல், அதாவது அந்த சர்வருக்கே நேரடி அனுமதி, கொடுத்துவிடுங்கள்.

மாட்டும் கட்டளை

'ஆர்குளோன் மவுண்ட்', பிறகு ரிமோட்டின் (கான்ஃபிக்கில் பதிந்த சேமிப்பிடத்தின்) பெயர், பிறகு டிரைவ் எழுத்து. அடிப்படை இவ்வளவுதான். கூடவே நான் விடாமல் சேர்க்கும் விருப்பங்கள் சில உண்டு.

'ரீட்-ஒன்லி': சாவியிலேயே தடை இருக்கிறதே என்று விடாதீர்கள். இதைச் சேர்த்தால் எழுத முயலும் ஸ்கிரிப்ட் அந்த நொடியே தோற்கும், காரணம் உடனே புரியும்.

'விஎஃப்எஸ்-கேஷ்-மோட்' என்பதை 'ஃபுல்' ஆக்குங்கள். கேஷ் என்பது உள்ளூரில் வைத்துக்கொள்ளும் தற்காலிக நகல். இயல்பாக இது 'ஆஃப்'. ஜிப் ஃபைலின் உள்ளடக்கப் பட்டியல் ஃபைலின் கடைசியில் இருக்கிறது. எனவே திறக்கும் புரோகிராம் முதலில் கடைசிக்குத் தாவும், பிறகு நடுவுக்கு, பிறகு தொடக்கத்துக்கு. கேஷ் இல்லாவிட்டால் ஒவ்வொரு தாவலும் புதிய இணையக் கோரிக்கை. ஃபுல் வைத்தால் படித்த பகுதிகள் உள்ளூர் டிஸ்க்கில் தங்கிவிடும். கேஷின் அதிகபட்ச அளவையும் கூடவே கொடுங்கள், இல்லாவிட்டால் சி டிரைவ் நிறைந்துபோகும் வாய்ப்பு உண்டு.

'டிர்-கேஷ்-டைம்': ஃபோல்டர் பட்டியலை ஆர்குளோன் இயல்பாக 5 நிமிடம் நினைவில் வைத்திருக்கும். கூகுள் டிரைவ் போன்ற சில சேவைகளிடம் புது ஃபைல் வந்ததா என்று இடையிடையே கேட்டுத் தெரிந்துகொள்ளும். எஸ்3இல் அந்த வசதி இல்லை. பில்ட் ஏற்றியாகிவிட்டது, சர்வரில் காணோம் என்று குழம்பும் அந்த ஐந்து நிமிடம் இதனால்தான். நான் 30 நொடி வைக்கிறேன். ஒரு நொடி என்று வைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு பட்டியலிடலும் கணக்கில் ஏறும் கோரிக்கை.

'நெட்வொர்க்-மோட்' விண்டோஸுக்கு மட்டும். இது இல்லாவிட்டால் விண்டோஸ் அதை உள்ளூர் ஹார்ட் டிஸ்க் என்று நம்பி, அதற்குரிய வேகத்தை எதிர்பார்க்கும். ஆன்டிவைரஸும் அதே நம்பிக்கையில் மொத்த பக்கெட்டையும் ஸ்கேன் செய்யக் கிளம்பலாம். எதற்கும் எக்ஸ் டிரைவை ஸ்கேன் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். சி டிரைவுக்கு வந்து சேரும் நகலை அது வழக்கம்போல் சோதிக்கட்டும்.

யாருக்கு டிரைவ் தெரியும்?

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. விண்டோஸில் மேப் செய்த டிரைவ், மேப் செய்த லாகின் அமர்வுக்கு மட்டுமே சொந்தம். நீங்கள் எக்ஸ்ப்ளோரரில் பார்க்கும் எக்ஸ் டிரைவ், சிஸ்டம் கணக்கில் ஓடும் சர்வீஸுக்குத் தெரியாது. அதே ஆள் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்த ஜன்னலுக்குக்கூடத் தெரியாமல் போகும்.

ஆர்குளோனை சிஸ்டம் கணக்கிலேயே ஓட்டினால், அது மாட்டும் டிரைவ் அந்தக் கணினியில் எல்லோருக்கும் தெரியும். டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு டாஸ்க் போடுங்கள்: கணினி தொடங்கும்போது ஓட வேண்டும், கணக்கு சிஸ்டம், கான்ஃபிக் ஃபைலுக்கும் லாக் ஃபைலுக்கும் முழுப் பாதை. பாதையைக் கொடுக்காவிட்டால் ஆர்குளோன் சிஸ்டம் கணக்கின் சொந்த ஃபோல்டரில் கான்ஃபிக்கைத் தேடிவிட்டுக் கைவிரிக்கும். அப்புறம் செட்டிங்ஸ் பக்கத்தில் '3 நாளுக்கு மேல் ஓடினால் டாஸ்க்கை நிறுத்து' என்று ஒரு டிக் தானாகவே போட்டிருக்கும். அதை எடுத்துவிடுங்கள். திங்கட்கிழமை நன்றாக இருந்த டிரைவ் வியாழக்கிழமை ஏன் காணாமல் போகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களுக்கு விடை பெரும்பாலும் அந்த டிக்தான்.

லினக்ஸில் மாட்டிய கணக்கு மட்டுமே இயல்பாக அதைப் படிக்க முடியும்; மற்ற கணக்குகளுக்கும் வேண்டுமென்றால் 'அலவ்-அதர்' விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். தானாக மாட்ட சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைக் கிளப்பும் நிரல்) யூனிட் ஒன்று, வகை 'நோட்டிஃபை'. மாட்டி முடித்ததும் ஆர்குளோனே சிஸ்டம்டிக்குத் தகவல் சொல்லும். அதை நம்பியிருக்கும் சர்வீஸ்கள் அதற்குப் பிறகே கிளம்பும்.

பக்கெட்டில் என்ன இருக்க வேண்டும்

என் எக்ஸ் டிரைவைத் திறந்தால் தெரிவது இதுதான்: 4.7.1, 4.7.2, 4.8.0 என்று பதிப்பு எண்களில் ஃபோல்டர்கள். அவற்றுக்கு வெளியே 'கரண்ட்' என்ற ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல். கரண்ட்டுக்குள் ஒரே வரி, 4.8.0. ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் இரண்டே ஃபைல்கள்: பேக்கேஜ் ஒன்று, அது கெடாமல் வந்ததா என்று ஒப்பிட அதன் எஸ்ஹெச்ஏ-256 செக்சம் ஒன்று.

ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களை அப்படியே பக்கெட்டில் கொட்டாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கோரிக்கை போய் வர வேண்டும். நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை இப்படி ஏற்றிவிட்டுக் காத்திருப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். விண்டோஸுக்கு ஜிப், லினக்ஸுக்கு டார். லினக்ஸில் டார் ஏன் முக்கியம் என்றால், ஆப்ஜெக்ட் ஸ்டோருக்கு எக்ஸிக்யூட் அனுமதி, சிம்லிங்க் (வேறொரு ஃபைலையோ ஃபோல்டரையோ சுட்டும் இணைப்பு) எல்லாம் தெரியாது. டாருக்குள் கட்டி அனுப்பினால் அவை பத்திரமாக வரும்.

ஏற்றுவதை டிரைவ் வழியாகச் செய்யாதீர்கள். மவுண்ட் செய்த டிரைவில் எழுதி ஃபைலை மூடினாலும், ஆர்குளோன் இயல்பாக 5 நொடி பொறுத்துத்தான் மேலே அனுப்பவே தொடங்கும். பில்ட் முடிந்ததும் அழிக்கப்படும் சிஐ ரன்னரில் (பில்டைத் தானாகச் செய்யும் கணினியில்) இது விபரீதம்: ஜாப் பச்சை காட்டும், ரன்னர் போய்விடும், அனுப்பாத கேஷும் அதோடு போய்விடும். அதனால் சிஐ பக்கம் 'ஆர்குளோன் காப்பி' கட்டளையை நேரடியாகப் பயன்படுத்துங்கள். அது ஏற்றி முடிக்கும்வரை நிற்கும், தோற்றால் தோல்வி என்று சொல்லும். 'இம்யூட்டபிள்' விருப்பத்தையும் சேர்த்தால், ஏற்கெனவே போன 4.8.0இன் மேல் யாரும் வேறொரு 4.8.0ஐ எழுத முடியாது. (கரண்ட் ஃபைலுக்கு மட்டும் அந்த விருப்பத்தை விட்டுவிடுங்கள், அது மாறத்தானே இருக்கிறது.)

வரிசையும் முக்கியம். முதலில் பேக்கேஜ், பிறகு செக்சம், எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு கரண்ட். எஸ்3இல் 2020 டிசம்பரிலிருந்து, எழுதிய ஆப்ஜெக்ட் உடனே எல்லோருக்கும் புதிதாகவே தெரியும்; எனவே கரண்ட் மாறியிருந்தால் பேக்கேஜும் வந்துவிட்டது என்று நம்பலாம். ஃபோல்டரைத் தற்காலிகப் பெயரில் ஏற்றிவிட்டுக் கடைசியில் பெயர் மாற்றும் பழைய தந்திரம் இங்கே உதவாது. எஸ்3இன் சாதாரண பக்கெட்டில் பெயர் மாற்றுவது என்றால் ஒவ்வொரு ஆப்ஜெக்டையும் நகலெடுத்துப் பழையதை அழிப்பதுதான்; பாதியில் அறுந்தால் பாதி இங்கே, பாதி அங்கே.

சர்வர் பக்கத்து ஸ்கிரிப்ட்

முதல் வேலை, டிரைவ் உண்மையிலேயே மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. லினக்ஸில் இது உயிர் போகும் விஷயம். மவுண்ட் விழுந்துவிட்டால் அந்த இடத்தில் இருப்பது ஒரு காலி ஃபோல்டர். ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவிக்கு 'டெலீட்' விருப்பம் கொடுத்து அதை மூலமாகக் காட்டினால், மூலம் காலி, ஆகவே இலக்கும் காலியாக வேண்டும் என்று உங்கள் அப்ளிகேஷனைச் சுத்தமாகத் துடைத்துவிடும். கரண்ட் ஃபைல் இருக்கிறதா, உள்ளே ஒரு பதிப்பு எண் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

அடுத்து, பேக்கேஜை சி டிரைவுக்கு நகலெடுப்பது. விண்டோஸில் ரோபோகாப்பி. இதில் இரண்டு கண்ணிகள். ஒன்று, ஃபைலை எடுக்க முடியாவிட்டால் அது இயல்பாக 10 லட்சம் முறை, ஒவ்வொன்றுக்கும் 30 நொடி இடைவெளி விட்டு முயலும். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒரு வருடம். 3 முறை, 10 நொடி என்று நீங்களே கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, அதன் எக்ஸிட் கோடு. 1 என்றால் நகலெடுத்தாகிவிட்டது என்று பொருள். 8 முதல்தான் தோல்வி. பூஜ்யம் அல்லாததெல்லாம் தோல்வி என்று நினைக்கும் கருவிகளுக்கு இதை ஸ்கிரிப்டில் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும்.

செக்சம் சரிபார்ப்பதை, வந்து சேர்ந்த உள்ளூர் நகலின் மேல் செய்யுங்கள், டிரைவில் இருப்பதன் மேல் அல்ல. பவர்ஷெல்லில் 'கெட்-ஃபைல்ஹாஷ்' போதும். பிறகு பதிப்பு எண்ணில் புது ஃபோல்டர் போட்டு அதற்குள் பிரிக்க வேண்டும், ஓடிக்கொண்டிருப்பதன் மேல் அல்ல. சர்வீஸை நிறுத்தி, ஜங்ஷனை (ஓடும் பதிப்பின் ஃபோல்டரைச் சுட்டும் விண்டோஸ் இணைப்பை) புது ஃபோல்டருக்குத் திருப்பி, மறுபடி கிளப்புங்கள். லினக்ஸ் என்றால் சிம்லிங்க்கை வேறு பெயரில் உருவாக்கி, 'எம்வி' கட்டளையை 'நோ-டார்கெட்-டைரக்டரி' விருப்பத்தோடு கொடுத்துப் பழையதன் மேல் நகர்த்துங்கள். இடையில் லிங்க் இல்லாத கணமே வராது. பின்வாங்க வேண்டுமா? கரண்ட்டில் 4.7.2 என்று எழுதி, ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டுங்கள்.

டிரைவிலிருந்தே எக்ஸ்இயை ஓட்டினால் என்ன என்று கேட்பார்கள். ஓடும். ஆனால் புரோகிராமின் எல்லாப் பக்கங்களும் ஒரேயடியாக மெமரிக்கு வருவதில்லை, தேவைப்படும்போதுதான் ஃபைலிலிருந்து வரும். நெட்வொர்க் அறுந்த நேரத்தில் அப்படியொரு பக்கம் தேவைப்பட்டு, அது கேஷிலும் இல்லையென்றால் புரோகிராம் அங்கேயே செத்துவிழும், லாக்கில் ஒரு வரிகூட இல்லாமல். எம்எஸ்ஐ (விண்டோஸ் இன்ஸ்டாலர் பேக்கேஜ்) வேறு, எங்கிருந்து நிறுவினோம் என்ற பாதையை நினைவில் வைத்துக்கொண்டு, மாதங்கள் கழித்து ரிப்பேர் செய்யும்போது அந்த எக்ஸ் டிரைவைக் கேட்டு நிற்கும். நிரந்தரமாக இருக்கப்போகும் ஒரு சி டிரைவ் ஃபோல்டருக்கு நகலெடுத்து, அங்கிருந்து நிறுவுங்கள்.

புது பில்ட் வந்ததைக் கண்டுபிடிக்க ஃபைல் மாறினால் தகவல் சொல்லும் ஃபைல்சிஸ்டம் வாட்சர், ஐநோட்டிஃபை எதையும் நம்பாதீர்கள். வேறொரு கணினி பக்கெட்டில் செய்த மாற்றம் இங்கே நிகழ்வாக வராது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை கரண்ட்டைப் படித்துப் பார்ப்பது சலிப்பூட்டும் முறைதான், ஆனால் வேலை செய்யும்.

எல்லாம் அமைத்த பிறகு சர்வரை ரீஸ்டார்ட் செய்து, யாரும் லாகின் செய்யாத நிலையிலேயே டெப்ளாய் ஸ்கிரிப்டை ஷெட்யூலர் வழியாக ஓட விடுங்கள். நீங்கள் உட்கார்ந்து பார்க்கும்போது ஓடுவது சோதனையே அல்ல.

பழைய பதிப்புகளைக் கழிப்பது ஒன்று பாக்கி. 90 நாளானால் அழி என்று பக்கெட்டின் லைஃப்சைக்கிளில் ஒரு விதி போடுவது சுலபம். ஆனால் அந்த விதி வயதைத்தான் பார்க்கும், எது பயன்பாட்டில் இருக்கிறது என்று பார்க்காது. நான்கு மாதமாக மாறாமல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் அப்ளிகேஷனின் ஒரே பேக்கேஜையும் சேர்த்து அழித்துவிடும். கரண்ட் காட்டுவதையும் அதற்கு முந்தைய நான்கையும் விட்டுவிட்டு மற்றதை அழிக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்டை சிஐ பக்கம் வைத்திருக்கிறேன். அழிக்கும் அனுமதி உள்ள சாவியும் அந்த ஓரிடத்தில் மட்டுமே இருக்கிறது.