பிள்ளை கை மாறும்போது நடக்கும் தவறுகள்

மூன்று வருடத்துக்கு முன்னால், மழைக்காலத்தில் ஒரு காலை. ஒன்றரை வயதுப் பையன், 10 கிலோ இருப்பான். ராத்திரியிலிருந்து காய்ச்சல். அவன் அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. என்னிடம் விட்டுவிட்டு மாடிப்படியில் இறங்கிக்கொண்டே ஏதோ சொன்னாள். கீழே தண்ணி லாரி வந்து நின்று, தெருவே குடத்தோடு கூடி ஒரே கூச்சல். அவள் சொன்னது, "அக்கா, மருந்து குடுத்துட்டேன்." என் காதில் விழுந்தது, "அக்கா, மருந்து குடுத்துடுங்க."

கொடுத்துவிட்டேன். பாட்டிலைப் பையில் திரும்ப வைக்கும்போதுதான் பார்த்தேன், பைக்குள் அளவு மூடி இன்னொன்று கிடந்தது. அதன் அடியில் சிவப்பாக ஒரு சொட்டு, இன்னும் காயவில்லை. நெஞ்சு திக்கென்றது. முக்கால் மணி நேரத்துக்குள் இரண்டு வேளை பாரசிட்டமால் உள்ளே போயிருக்கிறது. டாக்டரிடம் ஓடினேன். எடை என்ன, எத்தனை மில்லி, பாட்டிலில் என்ன அளவு போட்டிருக்கிறது என்று கேட்டுவிட்டு, "ஒரு தடவைங்கறதால பயம் இல்ல, சாயங்காலம் வரைக்கும் மறுபடி குடுக்காதீங்க" என்றார். பையன் நன்றாக இருக்கிறான், இப்போது பால்வாடிக்குப் போகிறான். ஆனால் அந்த ஒரு சொட்டு சிவப்பு இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

தண்டையார்பேட்டையில் என் வீட்டிலேயே பன்னிரண்டு வருடமாக அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். காசிமேட்டில் மீன் ஏலத்துக்குப் போகிற அம்மாக்கள் விடியுமுன்னே, தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார்கள். எக்ஸ்போர்ட் கம்பெனிக்கும் ஹவுஸ்கீப்பிங் வேலைக்கும் போகிறவர்கள் எட்டு மணிக்கு வருவார்கள். பிள்ளை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிற அந்த ரெண்டு நிமிஷத்தில்தான் முக்கால்வாசித் தவறுகள் ஆரம்பிக்கின்றன என்பது நான் பார்த்துத் தெரிந்துகொண்டது. அம்மாவிடமிருந்து ஆயாவிடம் போனாலும் அதேதான். எங்கள் பக்கம் பாட்டியும் ஆயா, காசு வாங்கிப் பார்த்துக்கொள்கிறவளும் ஆயா.

மருந்து விஷயத்தையே முதலில் சொல்கிறேன். பாரசிட்டமால் சொட்டு மருந்தாகவும் வரும், சிரப்பாகவும் வரும். சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 250 மில்லிகிராம். "அஞ்சு மில்லி குடுங்க" என்று வாயால் சொல்லிவிட்டுப் போய், பையில் இருந்தது சொட்டு மருந்தாக இருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பிள்ளையின் எடைக்குத்தான் அளவு. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. வயதைச் சொல்லி மெடிக்கல் ஷாப்பில் வாங்காதீர்கள். வீட்டு ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒரு அளவு, அதனால் பாட்டிலோடு வரும் மூடியிலோ ஊசி இல்லாத சிரிஞ்சிலோதான் ஊற்ற வேண்டும். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் குறைந்தது நாலு மணி நேரம் போக வேண்டும், ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் கூடாது. கடைசியாகக் கொடுத்த நேரம் தெரியாமல் இதையெல்லாம் எப்படிக் கடைப்பிடிப்பது? நேரத்தை எழுதிக் கொடுங்கள். படியில் நின்று கத்த வேண்டாம்.

இருமல் சிரப்பை டாக்டர் எழுதித் தராமல் யார் கொண்டுவந்து கொடுத்தாலும் நான் வாங்குவதில்லை. 2025 அக்டோபரில், நம் பக்கத்துக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது தெரியவந்தது. மத்தியப் பிரதேசத்தில் அதைக் குடித்த பிள்ளைகள் சிறுநீரகம் கெட்டு இறந்தார்கள். ரெண்டு வயதுக்குள் இருமல் மருந்தே கூடாது, அஞ்சு வயது வரைக்கும் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது திரும்பச் சொன்னது. பெரியண்ணனுக்கு வாங்கிய பாட்டிலில் மிச்சம் இருக்கிறது என்று சின்னவனுக்கு ஊற்றுகிற பழக்கம் நம் வீடுகளில் நிறைய. தயவுசெய்து அந்தப் பாட்டில்களை இன்றைக்கே எடுத்துப் போடுங்கள்.

காய்ச்சலில் இன்னொரு பெரிய தவறு இருக்கிறது. "நேத்தோட விட்டுடுச்சுக்கா" என்று சந்தோஷமாகச் சொல்லி விட்டுவிட்டுப் போவார்கள். டெங்குவாக இருந்தால், காய்ச்சல் இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தான நாள். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் அது வரும். விடாமல் வாந்தி, வயிற்று வலி, கை கால் சில்லிடுவது, மூச்சா போவது குறைவது, எழுப்பினாலும் துவண்டு விழுவது, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. அதனால் காய்ச்சல் என்றைக்கு ஆரம்பித்தது என்ற தேதி எனக்கு வேண்டும். டெங்கு சந்தேகம் இருக்கும்போது இபுப்ரோஃபென், மெஃபெனமிக் ஆசிட் மாதிரி மருந்துகளை நீங்களாகக் கொடுக்கக் கூடாது, ரத்தக் கசிவை அதிகமாக்கும். டெங்குவைப் பரப்புவது பகலில் கடிக்கிற கொசு. ராத்திரி வலை கட்டுகிறோம், மத்தியானம் தூங்குகிற பிள்ளையை விட்டுவிடுகிறோம்.

அது எங்கே முட்டையிடுகிறது? நாம் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில்தான். வட சென்னையில் வீட்டுக்கு வீடு நீல டிரம், நாலு குடம், பாத்ரூமில் ரெண்டு பக்கெட் இல்லாமல் யாருக்கும் பொழுது விடியாது. அதில்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகப் பயப்படுகிற விஷயமும் இருக்கிறது. தவழ்கிற பிள்ளைக்கும் புதிதாக நடக்கிற பிள்ளைக்கும் உடம்பின் அளவுக்குத் தலை பாரம் அதிகம். பக்கெட் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால் தலைகுப்புற உள்ளே போய்விடும், தானாக வெளியே வர முடியாது. ரெண்டு அங்குலத் தண்ணீர் போதும். கத்தாது, தண்ணீரை அடிக்கிற சத்தம்கூடக் கேட்காமல் போகலாம். ஒன்றிரண்டு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

இதிலும் கை மாறும் நேரம்தான் மோசம். சாயங்காலம் அம்மா வந்துவிட்டாள். வாசலில் நின்று, இன்றைக்கு என்ன சாப்பிட்டான், யாரோடு சண்டை போட்டான் என்று பேசுகிறோம். அவள் நினைக்கிறாள், பிள்ளை இன்னும் அக்கா பொறுப்பில் இருக்கிறது. நான் நினைக்கிறேன், அம்மா வந்தாச்சு. அந்த அஞ்சு நிமிஷம் பிள்ளையை யாரும் பார்க்கவில்லை. அதனால் என் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பிள்ளையை அம்மாவின் இடுப்பில் ஏற்றிவிட்ட பிறகுதான் பேச்சு. டிரம்முக்கு மேலே சும்மா வைக்கிற தட்டு உதவாது, திருகு மூடியோ வளையம் போட்ட மூடியோ வேண்டும். காலியான பக்கெட்டைக் கவிழ்த்து வையுங்கள். பாத்ரூம் கதவுக்குப் பிள்ளை எட்டாத உயரத்தில் ஒரு கொக்கி போடுங்கள். சம்ப் இருக்கிற வீட்டில், அடிபம்ப் ரிப்பேர் பார்க்கத் திறந்த மூடியை ஆள் நகர்வதற்கு முன் மூடச் சொல்லுங்கள்.

சைக்கிளில் வருகிற பினாயிலைப் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கிற தவறும் இதோடு சேர்ந்தது. வைத்தவருக்கு அது பினாயில் என்று தெரியும், அடுத்து வருகிற ஆயாவுக்குத் தெரியாது, பிள்ளைக்குச் சுத்தமாகத் தெரியாது. குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாந்தி வரும்போதே அது நுரையீரலுக்குள் இறங்கலாம். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு 108ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பேதிக்கு ஓஆர்எஸ் பாக்கெட்டை அரைவாசி பிரித்து ஒரு டம்ளரில் கலக்கிக் கொடுத்துவிட்டு, மீதியை மடித்து என்னிடம் தருவார்கள். பெரிய பாக்கெட் முழுதும் 1 லிட்டர் தண்ணீருக்கு என்று அதிலேயே போட்டிருக்கும். குறைந்த தண்ணீரில் கலந்தால் உப்பு கூடி, கெடுதல்தான். கலந்ததை 24 மணி நேரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். பேதிக்கு டாக்டர் தருகிற துத்தநாக (ஜிங்க்) மாத்திரையை மூன்றாம் நாள் பேதி நின்றதும் நிறுத்திவிடுகிறார்கள். 14 நாளும் கொடுக்க வேண்டும்.

இனி நான் சொல்வது பிள்ளை பார்க்கிறவர்களுக்கு. பிள்ளை கீழே விழுந்தால் மறைக்காதீர்கள். நானும் ஆரம்பத்தில் மறைத்திருக்கிறேன். கட்டிலிலிருந்து விழுந்த பெண் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து, பவுடர் போட்டு அனுப்பினேன், அவள் அம்மா நாளையிலிருந்து அனுப்ப மாட்டாளோ என்ற பயத்தில். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. தலையில் அடிபட்டால் அடுத்த ஒன்றிரண்டு நாள்தான் கவனிக்க வேண்டிய நேரம். திரும்பத் திரும்ப வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம், வலிப்பு, தலையில் மெத்தென்று வீக்கம், நடை தள்ளாடுவது, இதையெல்லாம் ராத்திரியில் பார்க்கப் போகிறவள் அம்மா. விழுந்ததே தெரியாவிட்டால் "இன்னைக்கு நல்லாத் தூங்கறான்" என்று விட்டுவிடுவாள். எவ்வளவு உயரம், எத்தனை மணிக்கு, விழுந்ததும் அழுததா என்று டாக்டர் கேட்பார். அதற்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது. அம்மாக்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்கிறவளிடம் முதல் வார்த்தையாகக் கத்தினால், அடுத்த தடவை அவள் சொல்ல மாட்டாள்.

வீட்டுப் பெரியவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டட்டும், தூளியில் போட்டுத் தாலாட்டுப் பாடட்டும், அந்தக் கை சூடு பிள்ளைக்கு வேண்டும். ஆனால் மூக்கில் எண்ணெய் விடுவதையும், வயிற்றில் ஏதோ சிக்கிக்கொண்டது என்று தொக்கம் எடுப்பதையும், ஒரு வயதுக்குள் நாக்கில் தேன் தடவுவதையும் மட்டும் கையைப் பிடித்துத் தடுத்துவிடுவேன். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும். தேனில் இருக்கக்கூடிய கிருமி பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பையே முடக்கும். "நீங்க வளர்த்த அஞ்சு பேரும் நல்லா இருக்காங்க ஆயா, ஆனா இதை டாக்டர் வேணாம்னுட்டாரு" என்றால் பெரும்பாலும் கேட்டுக்கொள்கிறார்கள். டாக்டர் பேரில் பழியைப் போடுவதில் தப்பே இல்லை.

சாப்பாட்டில் பெரிதாகச் சொல்ல ஒன்றுதான். டீயில் பொறை தோய்த்துக் கொடுத்து வயிற்றை நிரப்பாதீர்கள். டீ, சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்குப் பருப்புத் தண்ணியும் சாதத் தண்ணியும் போதாது, கரண்டியைச் சாய்த்தால் வழியாத பதத்தில் மசித்துக் கொடுங்கள். காசிமேட்டுப் பக்கத்திலேயே இருக்கிறோம், முள் எடுத்த மீனும் கொடுக்கலாம். செல்போன் காட்டி ஊட்டுவதும் இப்படிக் கை மாறுகிற பழக்கம்தான். அம்மா காட்டினால் என்னிடமும் கேட்கும், நான் காட்டினால் வீட்டில் கேட்கும். ரெண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், ரெண்டிலிருந்து அஞ்சு வயது வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்று இந்தியக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. ரெண்டு வீட்டிலும் ஒரே நாளில் நிறுத்தினால்தான் நடக்கிறது. முதல் மூன்று நாள் அழுவார்கள்.

என் வீட்டு வாசலில் ஆணியில் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்குகிறது. முதல் நோட்டை அந்தச் சிவப்பு சொட்டுக்கு மறுநாள் வாங்கினேன். காலையில் விடுகிறவர் எழுதுவார்: கடைசியாகச் சாப்பிட்ட நேரம், மருந்தின் பேர், எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு. சாயங்காலம் நான் எழுதுவேன்: எத்தனை தடவை மூச்சா, மோஷன், எவ்வளவு நேரம் தூக்கம், எங்கேயாவது விழுந்ததா. எழுதத் தெரியாத ஒரு அம்மா நேரத்தைச் சொல்ல, அவளுடைய மூத்த மகள் எழுதிவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். முதல் பக்கத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எடை, ஒத்துக்கொள்ளாத மருந்து, அடுத்த தடுப்பூசித் தேதி, கூட்டிப்போக வரக்கூடிய ரெண்டு பேரின் பெயரும் நம்பரும். அந்த ரெண்டு பேரைத் தவிர, மாமா என்று சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் அம்மாவிடம் போனில் கேட்காமல் நான் அனுப்புவதில்லை. அட்டையில் பெரிதாக ஆம்புலன்ஸுக்கு 108, அதற்குக் கீழே மருத்துவ ஆலோசனைக்கு 104. பக்கத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோக்காரத் தம்பியின் நம்பரும் இருக்கிறது, அவன் ராத்திரியிலும் போனை எடுப்பான்.