சின்னக் கோழியை முழுசா ரோஸ்ட் பண்றது எப்படி: கம்பம் பன்னீர் திராட்சை கிளேஸோட

ஆளுக்கு ஒரு குட்டிக் கோழி, முழுசா, மேல பழக்கூழ் பூசி கண்ணாடி மாதிரி மின்னும், அந்தப் பூச்சைத்தான் கிளேஸ்னு சொல்றது. வெளிநாட்டு வீடியோல பார்த்திருப்பீங்க. கார்னிஷ் கேம் ஹென்னு சொல்லுவாங்க. பேரைக் கேட்டா ஏதோ வேட்டைப் பறவை போல தெரியும், ஆனா அது சாதா இளம் கோழிதான், அமெரிக்க கணக்குப்படி சுத்தம் பண்ணினப்புறம் ரெண்டு பவுண்டுக்குள்ள, அதாவது சுமாரா 900 கிராமுக்குள்ள இருக்கணும், அவ்வளவுதான் விஷயம். அந்த சைஸ் கோழி நம்ம கம்பத்துலயும் கூடலூர்லயும் தினமும் கிடைக்குது, கேக்கத் தெரிஞ்சா போதும். பழமும் நம்மகிட்டயே இருக்கு, ஏலக்காயும் மிளகும் மேல குமுளில இருந்து வருது. அதனால இதை நம்ம ஊர்ச் சாமானை வச்சு முழுசா செய்யலாம், நான் அப்படித்தான் செய்றேன்.

கோழி வாங்குறது

இதைத்தான் முதல்ல சரியா பண்ணணும். நம்ம ஊர் கோழிக்கடைல எதுவும் சொல்லலைன்னா தோலை உரிச்சு, துண்டு போட்டு கவர்ல கட்டிக் கொடுத்துருவாங்க. தோல் இல்லாத கோழில கிளேஸ் நிக்காது, கறியும் வறண்டுரும், இந்தச் செய்முறையே தோலை நம்பித்தான் இருக்கு. கடைல நான் சொல்றது இதுதான்: "அண்ணே, உசுரோட ஒரு கிலோ, ஒண்ணே நூறுக்கு மேல போகாம ஒண்ணு பாருங்க, தோல் உரிக்க வேணாம், சுடுதண்ணில போட்டு இறகை மட்டும் எடுத்து முழுசா குடுங்க." "தந்தூரிக்கா?"ன்னு கேப்பாரு, ஆமான்னு சொல்லிருங்க, அவருக்கு உடனே புரிஞ்சிரும், ஏன்னா ஹோட்டலுக்கு எடுக்குற சைஸும் கிட்டத்தட்ட இதேதான். குமுளில வாங்குறவங்க தோலை எடுக்க வேணாம்னு மலையாளத்துல, "சேட்டா, தொலி களையண்டா"ன்னு சொன்னா வேலை முடிஞ்சது. அந்த எடைக்கு வீட்டுக்கு வரும்போது 700ல இருந்து 800 கிராம் வரைக்கும் இருக்கும். ரெண்டு பேருக்கு ஒரு கோழி தாராளம், பசங்க இருக்குற வீட்ல மூணு பேருக்கே ஓடும்.

காடை பிடிக்கும்னா பண்ணைக் காடையும் இதே மாதிரி பண்ணலாம், நேரம் மட்டும் மாறும், கீழ சொல்றேன். ஆனா கவுதாரி, காட்டுக்காடைன்னு யாராச்சும் சாக்குல கொண்டு வந்தா வாங்காதீங்க. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிக்கிறது குற்றம், அதுவும் நாம மேகமலையையும் பெரியாறு புலிகள் காப்பகத்தையும் ஒட்டி இருக்கிறவங்க, அந்தப் பறவைங்க அங்க இருக்கட்டும்.

முந்தின நாள் ராத்திரி

கோழியை கேஸ் அடுப்பு தீயில காட்டி மிச்சம் இருக்குற பூமுடியை வாட்டிருங்க. கழுவி, உள்ளயும் வெளியயும் துணியால நல்லா ஒத்தி எடுங்க. அப்புறம் எடைல நூத்துல ஒரு பங்கு உப்பு, 750 கிராம் கோழிக்கு ஏழெட்டு கிராம், தூள் உப்புன்னா ஒண்ணேகால் டீஸ்பூன். கல் உப்பை நுணுக்கி போடுறீங்கன்னா எடை போட்டுக்கோங்க, ஸ்பூன் கணக்கு சரியா வராது. வெளியயும் வயித்துக்குள்ளயும் தடவி, ஒரு தட்டுல கம்பி ஸ்டாண்டு வச்சு அதுமேல கோழியை உக்கார வச்சு, மூடாம ஃப்ரிட்ஜ்ல கீழ் தட்டுல விட்டுருங்க. மத்த சாப்பாட்டு மேல சொட்டக் கூடாது, அதுக்குத்தான் கீழ் தட்டு.

மூடாமலான்னு எல்லாரும் கேக்குறாங்க. ஆமா, மூடாமதான். ஃப்ரிட்ஜ் காத்துல தோல் காயணும். காலைல தொட்டுப் பார்த்தா தோல் ஈரமே இல்லாம இழுத்துப் பிடிச்ச காகிதம் கணக்கா இருக்கும், நிறமும் கொஞ்சம் மங்கி இருக்கும், அப்படி இருந்தாத்தான் சரி. ஈரத்தோலை ஓவன்ல வச்சா முதல் இருபது நிமிஷம் அந்தத் தண்ணி ஆவியாகுறதுலயே போயிரும், அதுக்குள்ள உள்ள கறி வெந்துரும், தோல் மட்டும் ரப்பரா நிக்கும். இதனாலதான் தயிர், இஞ்சிபூண்டு விழுது, மிளகாய்த்தூள் எல்லாம் போட்டு ஊற வைக்கிற நம்ம வழக்கத்தை இதுக்கு மட்டும் விட்டுரச் சொல்றேன். மசாலா வேணும்னா தோலுக்கு அடில போடுங்க: 30 கிராம் வெண்ணெய், இடிச்ச மிளகு ஒரு ஸ்பூன், நசுக்கின பூண்டு நாலு பல்லு, பொடியா நறுக்கின கறிவேப்பிலை, இதைக் கலந்து நெஞ்சுப் பக்கம் தோலுக்கும் கறிக்கும் நடுவுல விரலை மெதுவா விட்டு, கிழியாம, பரப்பிவிடணும். நகம் வெட்டிட்டு பண்ணுங்க.

கிளேஸ்

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சது தெரியும்ல, சுருளிப்பட்டி பக்கம் வருஷம் பூரா ஏதாச்சும் ஒரு தோட்டத்துல அறுப்பு நடந்துகிட்டே இருக்கும், அதனால இதுக்கு சீசன் பார்க்க வேண்டியதில்ல. விதையில்லாத பச்சைத் திராட்சைல இந்த வாசனை வராது, நிறமும் வராது, தயவுசெஞ்சு அதை வாங்காதீங்க.

அரை கிலோ பழம், கால் டம்ளர் தண்ணி, எவர்சில்வர் பாத்திரத்துல மூடி வச்சு பத்து நிமிஷம். அலுமினியம் வேணாம், புளிப்புக்கு ஆகாது. தோல் வெடிச்சதும் மத்துல லேசா மசிச்சு வடிகட்டுங்க. மிக்ஸில அடிக்காதீங்க, விதை உடைஞ்சா கசந்துரும். வடிகட்டின சாறுல ரெண்டு டேபிள்ஸ்பூன் வெல்லம், ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர், தட்டின ஏலக்காய் ரெண்டு, ஒரு காஞ்ச மிளகாய், அரை ஸ்பூன் இடிச்ச மிளகு, உப்பு ஒரு சிட்டிகை. வெல்லத்துல எனக்கு மறையூர் வெல்லம்தான் பிடிக்கும், அதுக்கும் 2019ல புவிசார் குறியீடு வந்துருச்சு, உருண்டையா வரும், கொஞ்சம் கருப்பா இருக்கும், அந்த ஆழம் திராட்சைக்கு நல்லா பொருந்தும். மிதமான தீயில மூணுல ஒரு பங்கா சுண்டணும், பதினஞ்சு இருபது நிமிஷம் ஆகும். எப்ப நிறுத்தணும்னா, ஒரு எவர்சில்வர் தட்டுல ஒரு சொட்டு விட்டு அரை நிமிஷம் ஆற விட்டு விரலால நடுவுல ஒரு கோடு போடுங்க, கோடு மூடாம நின்னா போதும். அடுப்புல இருக்கும்போதே தேன் பதத்துக்கு கொண்டு வந்துறாதீங்க, ஆறினப்புறம் கல்லா போயிரும், பிரஷ்ல வராது.

ஆறினதும் ரெண்டு கிண்ணத்துல பிரிச்சு வைங்க, ஒண்ணு பூசுறதுக்கு, ஒண்ணு தட்டுல ஊத்திக்க. பூசுற பிரஷ் வேகாத கோழியைத் தொடும், அந்தக் கிண்ணத்துல மிஞ்சினதை அப்படியே சாப்பாட்டுக்கு எடுக்கக் கூடாது.

திராட்சை வேணாம்னா பேஷன் ஃப்ரூட். குமுளி ரோட்டோரத்துல கிடைக்கும், ஆறேழு பழத்துக் கூழை வடிகட்டி, வெல்லமும் ஒரே ஒரு காந்தாரி மிளகாயும் கீறிப் போட்டு சுண்ட வச்சா தூக்கலா இருக்கும். அன்னாசில பண்றவங்க ஒண்ணு கவனிங்க, கொதிக்க வைக்காத அன்னாசிச் சாறுல இருக்குற புரோமெலைன்ங்கிற நொதி கறியோட புரதத்தை உடைச்சிரும், அதுல ஊற வச்சா கறி மேல்பக்கம் கூழாயிரும். கொதிக்க வச்சா அந்த நொதி செயல் இழந்துரும், அதனால சுண்டின கிளேஸா பூசினா பிரச்சனை இல்ல.

ஓவன்

வாழைநார் ஒண்ணை தண்ணில ஊற வச்சு ரெண்டு காலையும் சேர்த்துக் கட்டுங்க, பூக்கட்டுறவங்ககிட்ட கேட்டா தருவாங்க, நைலான் நூல் கூடவே கூடாது, உருகிரும். றெக்கை நுனியை முதுகுக்கு அடில மடிச்சு விடுங்க, இல்லன்னா அது முதல்ல கருகும்.

ஓடிஜியை, அதாவது வீட்ல வைக்கிற சின்ன கரண்ட் ஓவனை, 200 டிகிரில பதினஞ்சு நிமிஷம் சூடு பண்ணுங்க, மேல் கம்பி கீழ் கம்பி ரெண்டும். சாயங்காலம் வோல்டேஜ் குறைவா இருக்குற ஊர்ல சூடேற இன்னும் நேரம் எடுக்கும், உள்ள வைக்கிற சின்ன ஓவன் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிருங்க, திருகுற நம்பரை நம்பி எத்தனையோ பேர் ஏமாறுறாங்க. கீழ் அடுக்குல ட்ரே, அதுமேல கம்பி ஸ்டாண்டு, அதுமேல கோழி. ட்ரே கனமா இருக்கணும், ஓடிஜி கூட வர்ற மெல்லிசு தகடு சூட்டுல வளைஞ்சு நெய்யெல்லாம் ஒரே மூலைக்கு ஓடும்.

இப்பத்தான் முக்கியமான கட்டம், எனக்கு பிடிபட நாளானது இதுதான்: கிளேஸை எப்ப பூசுறது. நிறைய செய்முறைல முதல்லயே பூசச் சொல்றாங்க. வெல்லமும் பழச் சர்க்கரையும் 200 டிகிரில ஒரு மணி நேரம் தாங்காது, கருகிக் கசந்துரும், அதுவும் ஓடிஜில மேல் கம்பி கோழிக்கு ரொம்பக் கிட்ட இருக்கு, பெரிய ஓவன்ல எடுத்த வீடியோ கணக்கு இங்க செல்லாது. முதல் 40 நிமிஷம் கோழி மேல வெறும் எண்ணெய் மட்டும், ஒரு ஸ்பூன். 40 நிமிஷத்துல திறந்து தொடையோட தடிச்ச இடத்துல, எலும்புல படாம, மீட் தெர்மாமீட்டரைக் குத்துங்க. 65 டிகிரி வந்திருந்தா கிளேஸ் ஆரம்பிக்கலாம், வரலைன்னா இன்னும் அஞ்சு நிமிஷம். அப்புறம் சூட்டை 180க்கு குறைச்சிட்டு, மெல்லிசா ஒரு பூச்சு, அஞ்சு நிமிஷம், இன்னொரு பூச்சு, அஞ்சு நிமிஷம், மூணாவது பூச்சு. ஒரே தடவைல கெட்டியா அப்பினா வழிஞ்சு ட்ரேல விழுந்து அங்க கருகும். முதல் பூச்சு லேசா ஒட்டுற பதத்துக்கு காயணும், அதுமேலதான் ரெண்டாவது நிக்கும். நெஞ்சு மேல கருக்க ஆரம்பிச்சா அந்த இடத்துல மட்டும் ஒரு துண்டு ஃபாயில் போடுங்க. தொடைல 74 டிகிரி வந்ததும் வெளிய எடுத்து பத்து நிமிஷம் வெட்டாம விடுங்க, உள்ள சாறு அடங்கும்.

காடைன்னா 220ல பன்னெண்டு நிமிஷம், அப்புறம் ரெண்டே பூச்சு, மொத்தம் பதினெட்டு நிமிஷத்தைத் தாண்ட விடாதீங்க, சின்ன உடம்பு, சட்டுன்னு வறண்டுரும்.

பிரஷ் சிலிக்கான் வாங்குங்க, முடி வச்ச பிரஷ் கிளேஸ்ல முடியை விடுது. மீட் தெர்மாமீட்டர் இல்லாம இதை பண்ணாதீங்கன்னே சொல்லுவேன், வேற எதுல மிச்சம் பிடிச்சாலும் பரவால்ல.

கூட என்ன

கப்பைதான். மரவள்ளியைத் தோல் சீவி, நடு நாரை எடுத்து, பெரிய துண்டா நறுக்கி நிறைய உப்புத் தண்ணில மூடாம வேக வச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிருங்க. கொட்டுறது ருசிக்கு மட்டும் இல்ல, மரவள்ளில சயனைடு உண்டாக்குற பொருள் இருக்கு, நல்லா வேகணும், தண்ணியும் போகணும். முக்கால் பதம் வெந்ததும் கையால லேசா பிளந்து, உரிச்ச சின்ன வெங்காயம் இருபது, கறிவேப்பிலை, மஞ்சள் சேர்த்து கோழிக்கு அடில இருக்குற ட்ரேல, கடைசி அரை மணி நேரத்துல போடுங்க. மேல இருந்து சொட்டுற கோழி நெய்யும் பின்னாடி கிளேஸும் அதுமேலதான் விழும், பிளந்த ஓரமெல்லாம் முறுகி வரும். எங்க வீட்ல கோழியை விட இதுக்குத்தான் போட்டி.

சர்க்கரைவள்ளி நல்லா இருக்கும்னு பலர் போடுறாங்க, எனக்கு ஒத்துக்கல, இனிப்புக்கு மேல இனிப்பு. புளிப்பா பச்சையா ஏதாச்சும் ஒண்ணு வேணும், வெங்காயம், வெள்ளரி, கொஞ்சம் மாங்காய் சீவி எலுமிச்சை பிழிஞ்சு வைங்க. சோறு வேணும்னா சீரகச் சம்பால நெய்ச்சோறு, மசாலா எதுவும் போடாம.

பின்சேர்க்கை 1: வெட்டினா எலும்புகிட்ட சிவப்பா இருக்கு, வேகலையான்னு நிறைய பேர் கேட்டுட்டீங்க. இளங்கோழி எலும்பு இன்னும் முழுசா இறுகியிருக்காது, உள்ள மஜ்ஜைல இருக்குற நிறம் வெளிய கசிஞ்சு பக்கத்துக் கறில இறங்கும். தெர்மாமீட்டர் 74 காட்டினா அது வெந்த கறி, பயம் வேணாம். காட்டலைன்னா திரும்ப உள்ள வைங்க, நிறத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க.

பின்சேர்க்கை 2: ஓடிஜி இல்லாதவங்களுக்கு. கோழியை முதுகு வழியா வெட்டி விரிச்சு, கனமான இரும்பு வாணலில எண்ணெய் விட்டு தோல் பக்கம் கீழ இருக்குற மாதிரி போட்டு, மேல ஒரு தட்டு, அதுமேல அம்மிக் குழவி வச்சு அமுக்கி, சிறு தீயில இருபத்தஞ்சு நிமிஷம். திருப்பிப் போட்டு மூடி இன்னும் பத்து பதினஞ்சு நிமிஷம், 74 வர்ற வரைக்கும். அடுப்பை அணைச்சிட்டு, தோல் இப்ப மேல இருக்கும், அதுமேல கிளேஸ் பூசினா வாணலி சூட்டுலயே ஒட்டிரும். தீ எரியும்போது கிளேஸை வாணலில விட்டுறாதீங்க.

பின்சேர்க்கை 3: கிளேஸ் சுண்டவே மாட்டேங்குதுன்னு சொன்னவங்களுக்கு, மழை நேரத்துப் பழத்துல தண்ணி ஜாஸ்தி, அகலமான வாணலிக்கு மாத்துங்க, சீக்கிரம் சுண்டும். சோள மாவு கரைச்சு ஊத்தினா கெட்டியாகும், மினுமினுப்பு மங்கிரும், அதனால வேணாம். தொடாம எடுத்து வச்ச கிண்ணத்துக் கிளேஸ் ஃப்ரிட்ஜ்ல ஒரு வாரம் இருக்கும், மறுநாள் தோசைக்குத் தொட்டுக்கலாம்.