தீம் பார்க் டிக்கட்: மலிவு தேடிப் போய் இரண்டு முறை காசு கட்டாதீர்கள்

போன கிழமை திருக்கோவிலில் இருந்து ஓர் இளம் குடும்பம் கடைக்கு வந்தது. கணவன், மனைவி, மடியில் ஒரு பெண்பிள்ளை. "அண்ணன், சிங்கப்பூர் பார்க் டிக்கட்டெல்லாம் எடுத்தாச்சி. இனிப் பிளேன் டிக்கட்தான் போடோணும்" என்று தம்பி போனை நீட்டினார். திரையில் ஒக்டோபர் மாதத்துக்கு மூன்று டிக்கட்: பெரியவர் இரண்டு, சிறுவர் ஒன்று. அடியில் சின்ன எழுத்தில் இரண்டு வரி. பணம் திருப்பித் தரப்படமாட்டாது. திகதி மாற்ற முடியாது.

பிள்ளைக்கு எத்தனை வயது என்று கேட்டேன். மூன்றே முக்கால். பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டேன். "வீட்டில இரிக்கி" என்றார் தங்கச்சி.

எனக்கு மனம் திக்கென்றது. ஏனென்றால் இதே தவறை நானும் செய்திருக்கிறேன். களுவாஞ்சிகுடியில் கடை போட்டு மற்றவர்களுக்குப் பயணம் ஒழுங்கு செய்து கொடுக்கத் தொடங்கிய பிறகும், சொந்தக் குடும்பத்துக்கு என்று வந்தபோது செய்தேன். வாசலில் வாங்கினால் விலை கூட, சனி ஞாயிறில் கூட்டம் அதிகம் என்பதெல்லாம் இப்போது எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்களும் விழுகிற குழிகளை மட்டும் எழுதுகிறேன்.

திகதி பூட்டிய டிக்கட்டை முதலில் வாங்குவது

பெரிய பூங்காக்கள் பெரும்பாலும் நாளைப் பார்த்துத்தான் விலை வைக்கின்றன. ஒரே வாசல், ஒரே விளையாட்டுகள், ஆனால் செவ்வாய்க்கிழமைக்கு ஒரு விலை, பள்ளி விடுமுறைச் சனிக்கிழமைக்கு வேறு விலை. அதிலும், குறிப்பிட்ட ஒரு நாளுக்கு மட்டும் செல்லும், மாற்ற முடியாது என்ற நிபந்தனையோடு வரும் டிக்கட்தான் ஆக மலிவு. தேடுகிறவரின் கண்ணில் முதலில் படுவதும் அதுதான். "இண்டைக்கு மட்டும்" என்று சிவப்பு எழுத்தில் ஒரு கழிவு வேறு போட்டிருப்பார்கள். கை தானாக வாங்கு என்ற இடத்தை அழுத்திவிடும்.

2017 ஓகஸ்ட் விடுமுறைக்கு நானும் அப்படித்தான் அழுத்தினேன். ஐந்து பேர். ரூபாய்க்கு ஐம்பதாயிரத்துக்குக் கிட்ட. அதே பக்கத்தில், மூன்று மாதத்துக்குள் எந்த நாளும் போகலாம் என்ற டிக்கட்டும் இருந்தது. ஆளுக்கு அறுநூறு ரூபாய் கூட. ஐந்து பேருக்கு மூவாயிரம். அந்த மூவாயிரத்தை மிச்சப்படுத்தினேன்.

களுவாஞ்சிகுடியில் இருந்து இரவு வான் பிடித்து விடியக் கட்டுநாயக்கவுக்குப் போய்ச் சேர்ந்தோம். பிள்ளைகள் வானிலேயே புது உடுப்பு மாற்றிவிட்டார்கள். விமான நிறுவனத்தின் மேசையில் இருந்த பிள்ளை ஐந்து பாஸ்போர்ட்டையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். நான்காவதில் நின்றார். புத்தகத்தை என் பக்கம் திருப்பி, காலாவதித் திகதி இருந்த வரியின் கீழே விரல் நகத்தை வைத்தார். நவம்பர் 2017. என் இரண்டாவது மகனுடையது.

சிங்கப்பூருக்குள் நுழைய நம்மிடம் விசா கேட்பதில்லை. அதனாலேயே நாம் அசட்டையாகிவிடுகிறோம். ஆனால் பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதத்துக்காவது செல்ல வேண்டும். பெரியவர்களின் புத்தகம் பத்து வருடத்துக்கு. எங்கள் இருவருடையதிலும் நிறையக் காலம் இருந்தது. பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் பாஸ்போர்ட் மூன்று வருடத்துக்குத்தான். கடைசி ஆறு மாதத்தைக் கழித்தால் கையில் இருப்பது இரண்டரை வருடப் புத்தகம். மகனுக்கு அதை எடுத்தது வேளாங்கண்ணிக்குப் போவதற்காக. அந்தப் பயணம் நேற்றுப் போலத்தான் எனக்கு இருந்தது.

அப்புறம் என்ன, ஐந்து பேரும் அதே வானில் திரும்பினோம். வெலிக்கந்தை தாண்டும் வரை வானுக்குள் யாரும் பேசவில்லை. விமான டிக்கட்டில் கொஞ்சம் வரி மட்டும் திரும்பி வந்தது. பூங்கா டிக்கட் விற்ற இடத்துக்கு எழுதினேன், மகனின் பாஸ்போர்ட் படத்தையும் அனுப்பினேன். வந்த பதிலில் நிபந்தனையின் இலக்கத்தை மட்டும் குறிப்பிட்டிருந்தார்கள். அவர்கள் சொன்னது சரிதான். நான் படித்துவிட்டுத்தான் அழுத்தியிருந்தேன். இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. மூவாயிரம் ரூபாய்க்காக ஐம்பதாயிரத்தைக் கட்டிவைத்தோமே என்ற எரிச்சல்.

ஆகவே வாங்கும் ஒழுங்கு இதுதான். முதலில் வீட்டிலுள்ள எல்லாப் பாஸ்போர்ட்டையும் மேசையில் விரித்து, திரும்பி வரும் நாளில் இருந்து ஆறு மாதம் எண்ணுங்கள். அதற்குப் பிறகு விசா. ஹொங்கொங் டிஸ்னிலாண்டுக்குப் போக நினைத்தால் நமக்கு விசா தேவை, இந்தியாவுக்கும் தேவை. விசா கையில் வரும் முன் கொச்சியில் உள்ள வண்டர்லா பூங்காவுக்கு டிக்கட் எடுத்து வைப்பதில் அர்த்தம் இல்லை. மறுகா வேலைத்தலத்து லீவு எழுத்தில் வர வேண்டும், விமானம் உறுதியாக வேண்டும். பூங்கா டிக்கட் எல்லாவற்றுக்கும் பின்னால். அந்த இடத்துக்கு வந்த பிறகு, ஆக மலிவான, திகதி பூட்டிய டிக்கட்டையே தைரியமாக வாங்கலாம். அப்போது அது உண்மையிலேயே நல்ல டிக்கட்.

பிந்தினால் விலை ஏறிவிடுமே என்று கேட்கிறார்கள். சில நூறு ரூபாய் ஏறலாம். விலையைக் கூடுதலாக ஆட்டுவது நீங்கள் எந்த நாளில் போகிறீர்கள் என்பதுதான். சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு மார்ச்சில் ஒரு கிழமை, ஜூனில் நாலு கிழமை, செப்டெம்பரில் ஒரு கிழமை, நவம்பர் பிற்பகுதியில் இருந்து வருடக் கடைசி வரை நீண்ட விடுமுறை. நம்ம ஓகஸ்ட் விடுமுறையில் அங்கே பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். கிழக்கில் இருக்கும் நமக்கு இது பெரிய வசதி. கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கம் முஸ்லிம் பாடசாலைகளின் விடுமுறை நோன்பை ஒட்டி வேறாக வருகிறது; அவர்கள் அந்தந்த வருடக் கலண்டரை இரண்டு பக்கமும் வைத்துப் பார்க்க வேண்டும். நோன்புப் பெருநாள் சிங்கப்பூரிலும் பொது விடுமுறை. பெருநாளை ஒட்டிய நாட்களில் அங்கும் குடும்பங்கள் வெளியே கிளம்பும்.

திருக்கோவில் தம்பி அன்று இரவே பிள்ளையின் பாஸ்போர்ட்டைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். வருகிற ஜனவரியோடு முடிகிறது. ஒக்டோபர் டிக்கட் மூன்றும் போய்விட்டன.

பிள்ளையின் வயதை நம்ம கணக்கில் பார்ப்பது

அந்த மூன்றில் ஒன்று வாங்கியிருக்கவே தேவையில்லாத டிக்கட். சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் உள்ள யூனிவர்சல் ஸ்டூடியோஸில் நாலு வயது நிரம்பாத பிள்ளைக்குக் கட்டணம் இல்லை. சிறுவர் டிக்கட் நாலில் இருந்து பன்னிரண்டு வயது வரை. ஹொங்கொங் டிஸ்னிலாண்டில் சிறுவர் என்றால் மூன்றில் இருந்து பதினொன்று. டோக்கியோ டிஸ்னியில் நாலில் இருந்து பதினொன்று. பன்னிரண்டில் இருந்து பதினேழு வரைக்கு இடையில் இன்னொரு விலை உண்டு. அமெரிக்காவில் புளோரிடா டிஸ்னியில் பத்து வயது வந்தாலே பெரியவர் விலை. ஒரே பிள்ளை ஓரிடத்தில் சிறுவர், இன்னோரிடத்தில் பெரியவர்.

வண்டர்லாவில் வயதை விட்டுவிட்டு உயரத்தைப் பார்க்கிறார்கள். பத்து வயதில் நெடுநெடு என்று வளர்ந்த பிள்ளைக்குப் பெரியவர் டிக்கட் வரலாம். வீட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு அளந்துவிட்டுப் போங்கள். அங்கே கல்லூரி மாணவர்களுக்குக் கழிவு உண்டு; அடையாள அட்டையை மறந்துவிட்டுப் போனால் அது கிடைக்காது.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். நம்ம பக்கம் சிலர் நடக்கிற வயதைச் சொல்வார்கள். மூன்று முடிந்து நாலு நடக்கிறது என்றால் "நாலு வயசு" என்பார்கள். டிக்கட் போடும்போது பிறந்த திகதியை வைத்துப் பாருங்கள், போகும் நாளில் எத்தனை வயது நிரம்பியிருக்கும் என்று. வயதைக் குறைத்துப் போடவும் வேண்டாம். பாஸ்போர்ட்டைக் கேட்டால் பிள்ளையின் முன்னால் தலை குனிய வேண்டி வரும்.

அங்கே இருப்பவர்களுக்கான விலையில் வாங்குவது

காத்தான்குடி, கல்முனைப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார். உம்மாவையும் தங்கச்சியையும் பத்து நாளைக்குக் கூப்பிடுகிற மகன், அமீரகத்தில் வசிப்பவர்களுக்கான விலையில் எல்லாருக்கும் சேர்த்து டிக்கட் எடுத்துவிடுவார். பாதி விலைக்குக் கிட்ட விழுந்தது என்று சந்தோஷமாகச் சொல்வார். வாசலில் அடையாள அட்டையைக் கேட்பார்கள். அவரிடம் இருக்கிறது, உம்மாவிடம் இல்லை.

கல்முனைக் குடும்பம் ஒன்றுக்கு இப்படி நடந்தது. வெயிலில் ஒரு மணித்தியாலம் நின்று பேசிப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் மற்ற மூன்று பேருக்கும் முழு விலையில் புதிதாக எடுத்தார்கள். முதலில் எடுத்த மூன்றும் வீண். சிங்கப்பூரிலும் அங்கு வசிப்பவர்களுக்கென்று அவ்வப்போது விலைக் கழிவு வரும். அந்த விலையைச் சொல்லி முகநூலில் விற்கிறவர்களும் இருக்கிறார்கள். டிக்கட்டின் நிபந்தனையில் யாருக்கு என்று எழுதியிருக்கும். அந்த ஒரு வரியைப் படிக்காமல் காசு அனுப்ப வேண்டாம். விலை குறைய வேண்டும் என்றால் பூங்காவின் சொந்த இணையத்தளத்தையும் க்ளூக், கேகேடே போன்ற செயலிகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, அதே நாளுக்கு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் முறை வாங்குகிறவர்களுக்குச் செயலிகளில் கழிவு கிடைப்பதுண்டு.

எக்ஸ்பிரஸ் பாஸை நுழைவு டிக்கட் என்று நினைப்பது

அது வரிசையில் நிற்காமல் போவதற்கான தனிச் சீட்டு. நுழைவு டிக்கட் வேறாக வேண்டும்.

வாங்கும் முன் பிள்ளையின் உயரத்தையும் பாருங்கள். சிங்கப்பூர் யூனிவர்சலில் டிரான்ஸ்ஃபோமர்ஸ் என்ற விளையாட்டுக்கு 102 சென்டிமீற்றர் வேண்டும், மம்மிக்கு 122, பற்றில்ஸ்ரார் கலாக்டிகாவுக்கு 125. ஒரு மீற்றரும் பத்தும் உள்ள பிள்ளைக்கு எக்ஸ்பிரஸ் வாங்கினால் பெரிய விளையாட்டுகள் இரண்டில் அது உதவாது. வளர்ந்த பிள்ளைகள் தனியே ஏறத் தயார் என்றால் தனி ஆள் வரிசை இருக்கிறது. அதற்கு மேலதிகக் காசு இல்லை, பொது வரிசையை விட வேகமாகவும் நகரும்.

நாலு பூங்காவுக்கும் சேர்த்து

அபுதாபி யாஸ் தீவில் பெராரி வேர்ல்ட், வோனர் பிரதர்ஸ், யாஸ் வோட்டர்வேர்ல்ட், சீவேர்ல்ட் என்று பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சேர்த்து வாங்கினால் ஒன்றுக்கு விழும் விலை குறைவு. எத்தனை நாளைக்குள் முடிக்க வேண்டும் என்று பார்த்து, வயதான அம்மாவோடு அத்தனை நாள் நடக்க முடியுமா என்றும் யோசித்து வாங்குங்கள்.

ரூபாயில் கட்டுவது

திரையில் ரூபாயா டொலரா என்று கேட்டால் அந்த நாட்டு நாணயத்தையே தெரிவு செய்யுங்கள். அவர்கள் போடும் ரூபாய் மாற்று விலை பொதுவாக நமக்கு நட்டம். வங்கியும் தன் பங்குக்கு மாற்றுக் கட்டணம் எடுக்கும், அதையும் கணக்கில் சேருங்கள்.

வருகை அட்டைக்குக் காசு கொடுப்பது

சிங்கப்பூருக்குள் நுழைய இணையத்தில் நிரப்பும் வருகை அட்டை இலவசம். போய் இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நீங்களே நிரப்பலாம்.

தீவுக்குள் போகும் செலவு

செந்தோசா ரயிலுக்கு உள்ளே போகும்போது மட்டும்தான் கட்டணம், திரும்பி வரக் காசு இல்லை. விவோசிற்றி கடைத்தொகுதியில் இருந்து நடைபாலம் வழியாக நடந்தும் போகலாம்; பிள்ளைகள் கடலைப் பார்த்துக்கொண்டே வருவார்கள்.

மாரியில் போவது

நம்ம ஊரில் மாரி கொட்டுகிற அதே காலத்தில்தான் சிங்கப்பூரிலும் மழை. இடி மின்னல் வந்தால் வெளியில் உள்ள விளையாட்டுகளை நிறுத்திவிடுவார்கள், அதற்காகக் காசு திரும்பி வராது. டிசம்பரில் அங்கே விடுமுறை விலையும் சேர்ந்துகொள்ளும். வேறு வழியில்லை என்றால் மழைக்கோட்டை இங்கேயே கடையில் வாங்கிப் பைக்குள் வையுங்கள், பூங்காவுக்குள் விலை கூட.

திருக்கோவில் பிள்ளைக்கு டிசம்பரில் நாலு வயது நிரம்புகிறது. அதற்கு முன் போனால் அவளுக்கு டிக்கட் தேவையில்லை. நவம்பர் பிற்பகுதியில் சிங்கப்பூர் விடுமுறை தொடங்கிவிடும். ஆகவே நவம்பர் முதல் வாரத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். பாஸ்போர்ட்டுக்குத் தாயும் தகப்பனும் நாளைக்குப் பத்தரமுல்லைக்குப் போகிறார்கள். புதுப் புத்தகம் கைக்கு வந்த அன்று கடைக்கு வரச் சொல்லியிருக்கிறேன், இரண்டே இரண்டு டிக்கட் வாங்க.