ஸ்கோப்ல ஆட்டோசெட் அமுக்கும்போது பண்ற தப்புகள்

ஆசிலாஸ்கோப்ல (வோல்டேஜ் நேரத்தோட எப்படி மாறுதுன்னு படமா காட்டுற கருவி) புரோப்ப, அதாவது சர்க்யூட்ட தொடுற முனைய, மாட்டின உடனே கை தானா ஆட்டோசெட் பட்டனுக்குப் போயிடுது, ஸ்க்ரீன்ல வேவ் அசையாம நின்னுட்டா அதான் சிக்னல்னு நம்பிடுறோம். அந்த பட்டன் திரும்பத் திரும்ப வர்ற ஒரு அலையத் தேடி, சில சைக்கிள் தெரியுற மாதிரி வோல்ட், டைம், டிரிகர் லெவல் (எந்த வோல்டேஜ கடக்கும்போது படம் பிடிக்கணும்ங்கறது) மூணையும் வெச்சுக் குடுக்கும், அவ்ளோதான். நாம எதைத் தேடுறோம்னு அதுக்குத் தெரியாது.

ரிப்பிள் (டிசி சப்ளை மேல ஏறி வர்ற சின்ன அலை) பார்க்கறப்போ இது ரொம்பவே ஏமாத்தும். ஒரு போர்டுல 10 பிட் ஏடிசி (வோல்டேஜ 1024 படியா பிரிச்சு நம்பரா மாத்துறது) ரீடிங் மொத்தம் ஆறு படிக்கு மேலயும் கீழயும் ஆடிட்டே இருந்துச்சு, ஆட்டோசெட் அமுக்கிப் பார்த்தா 5 வோல்ட் லைன் டிவிஷனுக்கு (ஸ்க்ரீன்ல ஒரு கட்டத்துக்கு) 1 வோல்ட்ல நேர்கோடா நிக்குது, சப்ளை நல்லாருக்குன்னு முடிவு பண்ணி அரை நாள் புரோகிராம் கோடையே நோண்டிட்டிருந்தேன். அப்புறம் கப்ளிங்க ஏசிக்கு மாத்தி (நிலையான 5 வோல்ட்ட விட்டுட்டு ஆடுற பகுதிய மட்டும் காட்டும்), 20 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்வித் லிமிட்ட (அதுக்கு மேல இருக்கற இரைச்சல வடிகட்டும்) ஆன் பண்ணி, டிவிஷனுக்கு 10 மில்லிவோல்ட் வெச்சா மூணு கட்டம் உயரத்துக்கு ரிப்பிள் நிக்குது. 5 வோல்ட் ரெஃபரன்ஸ்ல ஒரு படி கிட்டத்தட்ட 4.9 மில்லிவோல்ட், 30 மில்லிவோல்ட்னா ஆறு படி, கணக்கு அப்படியே பொருந்திடுச்சு. 1 வோல்ட் ஸ்கேல்ல அந்த 30 மில்லிவோல்ட் கோட்டோட தடிமனுக்குள்ளயே ஒளிஞ்சிருந்திருக்கு.

புரோப் சுவிட்ச் 10எக்ஸ்ல (சிக்னல பத்துல ஒரு பங்கா குறைக்கும்) இருந்து சேனல் மெனு 1எக்ஸ்ல இருந்தா 5 வோல்ட் 0.5 வோல்ட்னு வரும், சாதாரண புரோப்னா ஆட்டோசெட்டால இதைக் கண்டுபிடிக்க முடியாது, வேவ் ஷேப் சரியா தெரியுறதால நமக்கும் சந்தேகம் வராது. அமுக்குறதுக்கு முன்னாடி இந்த ரெண்டையும் ஒரு தடவ பார்த்துடுங்க.

எப்பவாவது ஒரு தடவ வந்துட்டு போற சிக்னலுக்கு ஆட்டோசெட் வேலைக்கே ஆகாது. சீரியல் லைன்ல 9600 பாட் (செகண்டுக்கு 9600 பிட்) வேகத்துல ஒரு எழுத்து ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட்ல ஓடி முடிஞ்சிடும், பட்டன அமுக்குற நேரத்துல லைன் சும்மாதான் இருக்கும். 3.3 வோல்ட் லைன்னா டிரிகர 1.6 வோல்ட் பக்கம் ஃபாலிங் எட்ஜ்ல (வோல்டேஜ் கீழ இறங்குற இடத்துல) வெச்சு, டிவிஷனுக்கு 200 மைக்ரோசெகண்ட் குடுத்து, சிங்கிள் (ஒரே ஒரு தடவ பிடிச்சு நிறுத்துற பட்டன்) அமுக்கிட்டுக் காத்திருங்க, எழுத்தோட தொடக்கத்துல வர்ற ஸ்டார்ட் பிட் விழுந்த உடனே மாட்டிக்கும்.

இன்னொண்ணு, கஷ்டப்பட்டு டிரிகர் எல்லாம் செட் பண்ணி வெச்சிருக்கறப்போ பழக்க தோஷத்துல ஆட்டோசெட்ட அமுக்கிட்டா எல்லாம் போயிடும். பதறாதீங்க, நிறைய ஸ்கோப்ல அமுக்கின உடனே ஸ்க்ரீன் ஓரத்துல அன்டூன்னு வரும், வேற எதையும் தொடாம அதை அமுக்கினா பழைய செட்டிங் அப்படியே திரும்பி வந்துடும்.